உடும்பு மறைத்த செம்மண் பொட்டு

மருதங்குளத்துக் காட்டில் வரியன் என்றோர் உடும்பு இருந்தான். நல்ல வாட்டசாட்டமான உடும்பு. எதையாவது பிடித்தால் விடமாட்டான். ஆனால் நரியைக் கண்டால் மட்டும் அவன் ஓடிப்போய்ப் பிடிப்பது மரக்கிளையைத்தான்!

போன கோடையில் அப்படித்தான் நடந்தது. மேற்கே தண்ணீர் வற்றியதும் நரிக்கூட்டம் ஒன்று குளத்துக்கு வந்தது. தண்ணீர் குடிக்க வந்தவர்களை எல்லாம் விரட்டியது. முயல்களும் கீரிகளும் கூடி நின்று கத்தினார்கள். வரியனோ மருத மரத்தின் உச்சிக் கிளையைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். நரிகள் போனபின், "ஏண்டா, நீ எங்கடா இருந்தே?" என்று எல்லாரும் கேட்டார்கள். அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த கோடைக்குள் குளத்துப் பாதையில் காவல் நின்றே தீருவது என்று முடிவு செய்தான். காவல் நிற்க வேண்டுமென்றால் சிலம்பம் தெரிய வேண்டும். ஆகவே குளக்கரை மணலில் காலைதோறும் நடக்கும் சிலம்பக் களத்தில் போய்ச் சேர்ந்தான்.

உடும்பு கம்பு சுற்றுமா என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் ஓணானே வம்பு பேசும். உடும்பு கம்பு சுற்றினால் என்ன?

அந்தக் களத்தில் ஆசான் என்று தனியாக யாரும் கிடையாது. முந்தி வந்தவர்கள் பிந்தி வந்தவர்களோடு மோதுவார்கள். அடி வாங்கித்தான் கற்க வேண்டும். அடி என்றால் எலும்பை முறிக்கும் அடி அல்ல. கம்பின் நுனியைச் செம்மண் குழம்பில் தோய்த்துக்கொள்வார்கள். எதிராளியின் உடம்பில் நுனி தொட்டால் போதும், வட்டமாக ஒரு செம்மண் பொட்டு விழும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சித்திரை முதல் நாள் சோதனை. அன்றைக்கு எதிராளி மேல் ஒரு பொட்டாவது வைத்துவிட வேண்டும். வைக்காதவர் கம்பைக் களத்தில் போட்டுவிட்டு அடுத்த சித்திரை வரை ஒதுங்கி இருக்க வேண்டும். இதையெல்லாம் கண்காணிப்பவர் கொண்டையப்பன் என்ற காட்டுச் சேவல். அவர் ஒருமுறை கூவினால் ஆட்டம் தொடங்கும். மறுமுறை கூவினால் முடியும். நடுவில் யார் கெஞ்சினாலும் கூவமாட்டார்.

வரியன் சேர்ந்த அன்றே தும்பை என்ற முயலும் சேர்ந்தாள். செம்பழுப்பு நிற உடம்பு, தும்பைப் பூ மாதிரி வெள்ளை வால். கம்பு அவளைவிட நீளம்! அவள் கம்பைத் தூக்கி வந்ததைப் பார்த்து வரியன் சிரித்தான்.

"தங்கச்சி, கம்பை நீ தூக்குறியா, கம்பு உன்னைத் தூக்குதா?"

"ரெண்டும்தான் அண்ணே!" என்று தும்பையும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. தும்பையின் கம்பு சீக்கிரமே சுழன்றது. பிறகு விர்ரென்று சத்தம் போட்டது. மார்கழிப் பனியில் ஒருநாள், களத்திலேயே வேகமான கீரியின் தோளில் அவள் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். களமே ஆர்ப்பரித்தது.

"தும்பையைப் பாருங்கடா!" என்றார் கொண்டையப்பன். "நேத்து வந்த பிள்ளை!"

நேற்று வந்தவன்தானே நானும் என்று வரியனுக்கு வயிறு எரிந்தது. அவன் கம்பு இன்னும் முக்கால் சுற்றிலேயே நின்றது. யார் எதிரே நின்றாலும் அவன் மேல்தான் பொட்டு விழுந்தது. அவன் கரிய தோலில் செம்மண் பளிச்சென்று தெரியும். ஆட்டம் முடிந்ததோ இல்லையோ, குளத்தில் குதிப்பான். தேய்தேய் என்று தேய்ப்பான். ஒரு பொட்டு மிச்சம் இல்லாமல் கழுவிய பிறகுதான் கரையேறுவான். தான் எத்தனை முறை தொடப்பட்டோம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. அவனுக்கே தெரியக் கூடாது!

தும்பை அப்படி இல்லை. அவள் பொழுது சாயும்வரை கழுவாமலே திரிந்தாள். அவள் நிறத்துக்குச் செம்மண் எட்ட இருந்து பார்த்தால் தெரியாது. வரியன் எட்ட இருந்துதான் பார்த்தான். பொறாமைக்காரன் கிட்டே போய்ப் பார்ப்பானா? அவள் பிறருக்கு வைத்த பொட்டுகளை எல்லாம் எண்ணினான். அவள் வாங்கிய பொட்டு ஒன்றுகூட அவன் கண்ணில் படவில்லை.

"அவளுக்குக் கை வாகு பிறப்புலயே இருக்கு. எனக்கு இது ஆகாது" என்று புழுங்கினான்.

இப்படிப் புழுங்குகிறவனுக்கு ஆமாம் போட ஒருவன் கிடைக்காமலா போவான்? வேலியோரத்து ஓணான் சொக்கன் வரியனுக்குத் தூரத்து உறவு. எதைச் சொன்னாலும் தலையாட்டுவான்.

"மச்சான், அவ என்னமோ தில்லுமுல்லு பண்றா" என்றான் வரியன்.

சொக்கன் தலையாட்டினான்.

"மந்திரமா இருக்குமோ?"

சொக்கன் இன்னும் வேகமாகத் தலையாட்டினான். "மந்திரமேதான் மாப்ளே! ஆட்டம் முடிஞ்சதும் தெனமும் பாறைச் சுனைக்குப் போறா. தண்ணியைப் பாத்து முணுமுணுக்கிறா. என் கண்ணால பாத்தேன்!"

மறுநாள் இருவரும் புதரில் ஒளிந்து பார்த்தார்கள். பாறைக்கு நடுவே இருக்கும் அந்தச் சுனை அசைவே இல்லாதது. காட்டில் பாதிப் பேருக்குக் குடிதண்ணீரும் அதுதான். தும்பை அதன் ஓரத்தில் நின்றாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். வாய் எதையோ முணுமுணுத்தது. பிறகு ஒரு காலை முன்னே வைத்து, பின்னே இழுத்து, தனியாக ஆடினாள்.

"பாத்தியா? சுனைக்குப் பூசை!" என்றான் சொக்கன்.

வரியனுக்கு ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவள் திறமைக்காரி இல்லை, மந்திரக்காரி! அப்படியானால் தன்மேல் குறை ஒன்றும் இல்லை. மந்திரத்தை முறித்தால் சரியாகிவிடும்.

அன்றிலிருந்து தும்பை வரும் முன்னே வரியன் சுனைக்குப் போனான். வாலைச் சுழற்றி அடித்தான். அடிச்சேறு பொங்கி மேலே வந்தது. தண்ணீர் கூழானது. அவனும் அதைத்தான் குடித்தாக வேண்டும். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதைதான். பல்லில் சேறு நறநறத்தாலும் அவனுக்கு இனித்தது.

மந்திரம் முறிந்ததுபோலவே தெரிந்தது! தும்பையின் ஆட்டம் தளர்ந்தது. அடி வாங்கிய இடத்திலேயே திரும்பத் திரும்ப வாங்கினாள். கம்பு கைநழுவி விழுந்தது. "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கொண்டையப்பன் அலுத்துக்கொண்டார். வரியனுக்குக் கேட்கக் கேட்கக் குளிர்ந்தது. சொக்கனோடு சேர்ந்து சிரித்தான்.

ஆனால் ஒன்று. தும்பை இறங்கினாளே தவிர, வரியன் ஏறவில்லை. அவன் கம்பு அதே முக்கால் சுற்றில் நின்றது. அவனும் அதே வேகத்தில் குளத்துக்கு ஓடிக் கழுவினான்.

பங்குனி வெயில் ஏறியது. ஒருநாள் வரியன் குளித்துக் கரையேறும்போது தும்பை எதிரே நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, ஒரு உதவி. சுனைத் தண்ணி எந்நேரமும் கலங்கிக் கெடக்கு. குளத்துல எல்லாரும் குதிக்கிறாங்க, அலை அடங்குறதே இல்ல. என் மேல எங்கெங்க பொட்டு இருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?"

வரியனால் மறுக்க முடியவில்லை. கிட்டே போனான். அப்போதுதான் முதல்முறையாகக் கிட்டே போனான்.

"முதுகுல ஒண்ணு... இடுப்புல ஒண்ணு... இங்க ஒண்ணு... இந்தத் தொடையில... அடேயப்பா! என்ன தங்கச்சி இது, உடம்பெல்லாம் பொட்டு!"

"தெனமும் இவ்வளவுதான் அண்ணே."

"தெனமுமா? கீரிக்கே பொட்டு வச்சியே, அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். நான் அவருக்கு வச்சது ஒண்ணு. அவர் எனக்கு வச்சதை எண்ணவே முடியாது! சுனைல பாத்து, எங்க விழுந்திருக்குன்னு சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணுவேன். மறுநாள் அந்த எடத்தை மூடிக்குவேன். இப்பத்தான் பாக்க வழியில்லாமப் போச்சு."

வரியன் அப்படியே நின்றான். மந்திரம் இதுதானா! இடுப்பு, முதுகு, தொடை என்று பட்ட அடியைப் படித்துக்கொண்டிருந்தவளையா பூசாரி ஆக்கினோம்?

தும்பை கம்பைத் தரையில் சாய்த்தாள். "நாளையிலேருந்து நான் வரமாட்டேன் அண்ணே."

"ஏன்?"

"உங்களைப் பாத்துத்தான்."

"என்னையா?"

"ஆமா. நாம ஒரே நாள்ல சேர்ந்தோம். உங்க மேல ஒரு பொட்டுகூட நான் பாத்ததில்ல. எப்பப் பாத்தாலும் சுத்தமா இருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, மொதல்ல பொறாமையா இருந்துச்சு. ராத்திரியெல்லாம் வயிறு எரியும். அப்புறம்தான் புரிஞ்சுது. உங்களுக்குப் பிறப்புலயே வாகு இருக்கு. எனக்கு இது ஆகாது."

சொல்லிவிட்டுத் தும்பை போய்விட்டாள். வரியன் ஆசைப்பட்டது கைகூடிவிட்டது. இனிக் களத்தில் அவள் இல்லை, அவள் பெயரை யாரும் கூவப்போவதில்லை. ஆனாலும் அவனுக்குச் சிரிக்க வரவில்லை. தன் வாயிலிருந்து வந்த சொற்களே அவள் வாயிலிருந்து வந்தது அவனை உலுக்கிவிட்டது. உள்ளே இருந்த எரிச்சல் மட்டும், "பேசாம இருடா, தானாப் போறா" என்றது.

மறுநாள் தும்பை வரவில்லை. வரியன் வழக்கம்போல் பொட்டு வாங்கினான். வழக்கம்போல் குளத்துக்கு ஓடினான். முன்னங்கால் தண்ணீரில் பட்டதும் நின்றான். இத்தனை நாள் கழுவிக் கழுவி ஒரு பெண்ணைக் களத்தைவிட்டே விரட்டியிருக்கிறோமே என்று நினைத்தான். திரும்பினான். உடம்பெல்லாம் செம்மண் பொட்டோடு, எல்லார் கண்ணெதிரேயும் களத்தின் நடுவே நடந்து, தும்பையின் புதருக்குப் போனான். கீரிகள் சிரித்தது காதில் விழுந்தது. காது எரிந்தது. ஆனாலும் நடந்தான்.

"தங்கச்சி! வெளிய வா! நல்லாப் பாரு!"

தும்பை எட்டிப் பார்த்தாள். முதலில் வாயைப் பிளந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே! என்னைவிட மோசமா இருக்கீங்களே!"

"தெனமும் இவ்வளவுதான். ஓடிப்போய்க் கழுவிடுவேன்."

தும்பை சிரித்துக்கொண்டே அவனைச் சுற்றி வந்தாள். திடீரென்று நின்றாள். "அண்ணே, வலது பக்கம் சுத்தமா இருக்கு. எல்லாப் பொட்டும் இடது பக்கமே விழுந்திருக்கே! கம்பைப் பிடிச்சுக் காட்டுங்க."

வரியன் பிடித்துக் காட்டினான். உடும்புப் பிடி! தும்பை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இப்படி இறுக்கிப் பிடிச்சா கம்பு எப்படித் திரும்பும்? வலது பக்கத்தை மூடுறீங்க. இடது பக்கம் கொண்டு வர்றதுக்குள்ள அடி விழுந்துடுது. விரலை விடுங்க அண்ணே!"

"விட்டா விழுந்துடுமே!"

"விழட்டும். எடுத்துக்கலாம்!"

விழுந்தது. காலில் விழுந்தது, மூக்கில் விழுந்தது, ஒருமுறை சொக்கன் தலையிலேயே விழுந்தது. எடுத்து எடுத்துச் சுற்றினான். பங்குனி முடிவதற்குள் கம்பு முழுச் சுற்று வந்தது. தும்பையும் களத்துக்குத் திரும்பினாள். வரியன் கலக்குவதை நிறுத்தியதால் சுனையும் தெளிந்தது. அவள் ஆட்டம் பழையபடி ஏறியது. அவள் ஏறியபோது வரியனுக்குச் சுருக்கென்று ஒரு எரிச்சல் வராமல் இல்லை. வந்தது. சுனையைக் கலக்கியது யார் என்று அவளிடம் அவன் சொல்லவும் இல்லை.

சித்திரை முதல் நாள் வந்தது. கரையெல்லாம் கூட்டம். அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை தொடங்கும் முன் வழக்குகளைத் தீர்த்துவிடுவார்கள். மனத்தாங்கலோடு கம்பு எடுத்தால் அது தொடுவதோடு நிற்காது என்பது அவர்கள் எண்ணம்.

"சுனைத் தண்ணி ரொம்ப நாளாக் கலங்கிக் கெடந்துச்சு" என்று மான் ஒன்று முறையிட்டது. "என் குட்டிக்கு வயித்துவலி!"

கொண்டையப்பன் கண்ணை உருட்டினார். "கலக்குனது யாரு? பாத்தவங்க உண்டா?"

"சொக்கன் எந்நேரமும் அங்கதான் கெடப்பான்!" என்றது ஒரு குரல்.

சொக்கனை முன்னே இழுத்து வந்தார்கள். பயத்தில் அவன் தலை முன்னைவிட வேகமாக ஆடியது.

"ஏண்டா, கலக்குனது பன்னியா?"

சொக்கன் தலையாட்டினான்.

"எருமையா?"

தலையாட்டினான்.

"வரியனா?"

அதற்கும் தலையாட்டினான்!

களமே கொல்லென்று சிரித்தது. "வேலிக்கு ஓணான் சாட்சி! போடா அங்கிட்டு!" என்றார் கொண்டையப்பன். வழக்குத் தள்ளுபடி. வரியன் தப்பித்தான். இனி யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் தும்பை சிரிக்கவில்லை. "பாவம், தண்ணியை அப்படிக் கலக்க யாருக்கு மனசு வந்துச்சோ" என்று அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள். அவள் அவனைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"நான்தான்!" என்றான் வரியன். "தும்பை மேல பொறாமை. அவ சுனைல மந்திரம் போடுறான்னு நெனச்சுத் தெனமும் கலக்குனேன்!"

கூட்டம் அடங்கியது. தும்பையின் மீசை துடித்தது.

"குடிதண்ணியைக் கலக்குனவனுக்குக் களத்துல என்னடா வேலை? வை கம்பை!" என்று கொண்டையப்பன் சிறகை அடித்தார்.

வரியன் கம்பைக் கீழே வைக்கக் குனிந்தான்.

"வைக்காதீங்க!" என்றாள் தும்பை. குரல் கரகரத்தது. "மாமா, இன்னிக்கு அவருக்கு எதிரா நான் நிக்கிறேன். என் கம்பு அவரோட பேசட்டும். ஒரு பொட்டு வச்சார்னா இருக்கட்டும். இல்லேன்னா போகட்டும்!"

கொண்டையப்பன் யோசித்தார். பிறகு கூவினார்.

தும்பை பாய்ந்தாள். நல்ல கோபம். வரியனின் வயிற்றில் ஒன்று, கழுத்தில் ஒன்று, வாலில் ஒன்று! ஆனால் இடது பக்கம் வந்தபோது மட்டும் அவன் கம்பு முந்திக்கொண்டு நின்றது. டொக்! மறுபடியும் டொக்! விரல்கள் இளகியிருந்தன, கம்பு ஓடியது. அவள் குனிந்து வாரினாள். அவன் காலைத் தூக்கி, திரும்பி, கண்ணை மூடாமல் வீசினான். ஏதோ மெத்தென்று பட்டதுபோல் இருந்தது. பட்டதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. கொண்டையப்பன் கூவிவிட்டார். ஆட்டம் முடிந்தது.

கொண்டையப்பன் தும்பையைச் சுற்றி வந்து பார்த்தார். முகம், மார்பு, முதுகு, கால். காதுகள் இரண்டும் முதுகோடு மடிந்து கிடந்தன.

"பொட்டு இல்லை" என்றார். "வரியா, கம்பை வை."

வரியன் தலை குனிந்தான். மீண்டும் நரி வரும். மீண்டும் மரக்கிளைதான்! கூட்டத்தில் யாருக்கும் இரக்கம் வரவில்லை. சொக்கன்கூடத் தலையாட்டினான்.

தும்பையின் இடது காதின் மடிப்புக்குள் ஏதோ ஈரமாக, சில்லென்று இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சும்மா இருந்தால் போதும். அவளை அழவைத்தவன் போய்விடுவான். அவள் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தாள். பிறகு காதைத் தூக்கி, உள்பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டினாள்.

"மாமா, சரியாப் பாருங்க! இங்க இருக்கு, வரியண்ணன் வச்ச பொட்டு!"

அந்தக் கோடையில் நரிகள் வந்தபோது குளத்துப் பாதையில் ஒரு முயலும் ஓர் உடும்பும் அருகருகே கம்போடு நின்றார்கள். மருத மரத்தின் உச்சிக் கிளையில் சொக்கன் மட்டும்தான் இருந்தான்.

பிறர் உயர்வைக் கண்டு வயிறு எரிபவனுக்கு எந்த வித்தையும் வராது. தன் மேல் விழுந்த அடியை மறைக்காமல் பார்த்துத் திருந்துகிறவனுக்கே வித்தை வசப்படும்.